பால்மர நிரைகளில் கியோத்தோ

மகனுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று தொடங்குவதுதான் முறை. என் முழங்கால் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஆகவே முறையை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதம் அலோர் ஸ்டார் மெர்கோங் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு கோயிலின் படம், ஒரு பாலத்தின் படம், சிவந்த இலைகளின் படம், நீ மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பல்கலைக்கழகத்தின் படம் எல்லாம் வந்தன. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அது எத்தனை பழமையானது என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். நானும் பழையவன், பழையது பழையதோடு ஒத்துப்போகும் என்று நினைத்தாய் போலும். "அப்பா, தெருவெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு, நீங்க எப்பவும் சொல்ற மாதிரியே. உங்க கதைய எங்க பேராசிரியர்கிட்ட சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சார்" என்று எழுதியிருக்கிறாய். சிரித்ததோடு அவர் நிற்கவில்லை. நான் அங்கே வர வேண்டுமாம். பல்கலைக்கழக மண்டபத்தில் மாணவர்களுக்கு முன்னால் நின்று, கெடாவின் ரப்பர் தோட்டத்தில் கியோத்தோ நகரத்தைப் படித்த அந்தக் கதையை என் வாயால் சொல்ல வேண்டுமாம். பயணச் செலவு அவர்களுடையதாம். தேநீரும் உண்டாம்.

படித்துவிட்டு உன் கடிதத்தை மேசை மேல் வைத்துவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்து படித்தேன். மறுபடி எழுந்து போனேன். எனக்கு வந்த எரிச்சலை உன் மேல் காட்டுவதா, பேராசிரியர் மேல் காட்டுவதா, தபால்காரர் மேல் காட்டுவதா என்று முடிவுசெய்ய முடியவில்லை. தபால்காரர் நல்ல மனிதர். ஆகவே உனக்கு எழுதுகிறேன். எழுதியதைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். காரணம் இருக்கிறது. அந்தக் கதையை நான் உனக்கு மட்டும் சொல்லவில்லை. சுங்கைப் பட்டாணியிலிருந்து அலோர் ஸ்டார் வரை நம் சொந்தக்காரர்களின் கல்யாணங்களிலும் தீபாவளிகளிலும் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். சிரித்தவர்கள் கேட்டது பாதிக் கதை. மீதியும் அதே தூரம் போய்ச் சேர வேண்டும் அல்லவா?

நீ சொன்ன பாதியை நீ சரியாகத்தான் சொன்னாயா என்று முதலில் பார்த்துவிடுகிறேன். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் நான் குருணுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் தமிழ்ப் பள்ளி வாத்தியார். கல்யாணம் ஆகவில்லை. உன் பெரியப்பாவும் பெரியம்மாவும் இருந்த லயத்து வரிசை வீட்டில் எனக்கும் ஒரு மூலை இருந்தது. பெரியப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். ஆனால் அப்போது பால் வெட்டே நின்றுபோயிருந்தது. வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். ரப்பரை வாங்க ஆள் இல்லை. மரங்கள் பாட்டுக்கு நிரை நிரையாக நின்றன, ஊடே லாலான் புல் இடுப்பளவு வளர்ந்தது, நாங்கள் மரவள்ளிக்கிழங்கு நட்டு அதையே காலையிலும் மாலையிலும் தின்றோம். வாத்தியார்கள் எல்லாரும் ஜப்பானிய மொழி படித்து அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. வாரம் ஒரு முறை சைக்கிளில் சுங்கைப் பட்டாணிக்குப் போனேன். சைக்கிள் டயருக்குள் கயிற்றைத் திணித்து ஓட்டினேன். சுற்றிலும் பார்த்த இடமெல்லாம் ரப்பர் மரம், ஓட்டுவதற்கு ஒரு டயர் கிடையாது. பொருளாதாரம் என்பதை நான் அந்தச் சாலையில்தான் கற்றுக்கொண்டேன்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் கியோத்தோக்காரர். சென்செய் என்று அழைப்போம், ஆசிரியர் என்று பொருள். போருக்கு முன்னால் அந்த ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், அடிக்காதவர், குரல் உயர்த்தாதவர். அவருக்கு ஊர் ஞாபகம். பாடப் புத்தகத்தில் என்ன இருந்ததோ தெரியாது, அவர் அதைத் திறக்கவே இல்லை. கரும்பலகையில் கட்டம் கட்டமாகத் தன் ஊரை வரைவார். தெற்கே ரயில் நிலையம். அங்கிருந்து வடக்கே நடந்தால் ஏழாம் தெரு, ஆறாம் தெரு, ஐந்தாம் தெரு என்று எண் இறங்கிக்கொண்டே வரும். மூன்றாம் தெருவில் வலது பக்கம் திரும்பினால் ஆறு, ஆற்றுக்கு மேல் பாலம். பாலம் தாண்டி இடது பக்கம் திரும்பி மேலே போனால் பல்கலைக்கழகம். வகுப்பில் எங்களை எழுப்பி, பெஞ்சுகளைத் தெருவாக்கி, அதில் நடக்கச் சொல்வார். சோறு, தண்ணீர், காய்ச்சல் என்பதற்கெல்லாம் சொல் தெரிவதற்கு முன்னால் எனக்குக் கியோத்தோவில் வழி தெரியும். அந்தக் காலத்தில் குருணிலிருந்து அலோர் ஸ்டார் போக அனுமதிச் சீட்டு வேண்டும், எனக்கு அது கிடைக்கவில்லை. கியோத்தோவுக்கு மட்டும் வாரம் ஒரு முறை போய்வந்தேன்.

பிறகு சயாம் காட்டில் ரயில் பாதை போட ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வைத்து, கணக்கு எழுதும் கிராணி சொன்னார். எங்கள் வீட்டில் ஆள் என்றால் நான் அல்லது பெரியப்பா. நான் மொழி வாத்தியார், என்னைத் தொட மாட்டார்கள். பெரியம்மா அப்போது மாசமாக இருந்தார். நான் சென்செய்யிடம் போய் நின்றேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: தோட்டங்களில் மொழித் தேர்வு வைக்கப்போகிறோம், தேறியவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு துணிப் பட்டை கொடுப்போம், பட்டை உள்ளவர்கள் தோட்டத்திலேயே இருக்கலாம். கேள்வி என்ன என்று கேட்டேன். அவர் புன்னகை செய்தார். வேறு என்ன, வழி சொல்வதுதான் என்றார்.

உன் பெரியப்பா பள்ளிக்கூடத்து வாசலை மழைக்கு ஒதுங்கக்கூட மிதிக்காதவர். கரும்பலகையில் கோடு போட்டேன், அது அவருக்குக் கோடாகவே இருந்தது. "டேய் தம்பி, சும்மா கோட்டக் காட்டாத லா. நான் நடந்து பாத்தாதான் எனக்கு ஏறும்" என்றார். சரி என்று நடத்திக் காட்டினேன். பால் எடை போடும் கொட்டகைதான் ரயில் நிலையம் என்று வைத்துக்கொண்டோம். அங்கிருந்து மேட்டில் இருக்கும் துரை பங்களா வரை மர நிரைகள் இருக்கின்றன அல்லவா, பத்து நிரைக்கு ஒரு தெரு என்று லாலானை வெட்டி முளை அடித்தோம். துரை பங்களா பல்கலைக்கழகம். அதற்கு முன்னால் ஓடுகிற ஓடைதான் அந்த ஆறு, தென்னங்கட்டைப் பாலம்தான் அந்தப் பாலம். நான்காம் தெருவின் கிழக்குக் கோடியில் ஒரு பெரிய கோயில் இருக்கிறது என்று சென்செய் சொல்லியிருந்தார். எங்கள் நான்காம் தெருவின் கிழக்குக் கோடியில் முனியாண்டி இருந்தார். "பாத்தியா, சாமி சரியான எடத்துலதான் உக்காந்திருக்கு" என்று பெரியப்பாவுக்கு ஒரே திருப்தி. மலை மட்டும்தான் ஒத்துவரவில்லை. சென்செய்யின் மலை வடகிழக்கில், நம் ஜெராய் மலை மேற்கில். "அவன் ஊரு மலை அந்தப் பக்கம்னா நம்ம மலையத் தள்ளி வைக்கச் சொல்லு. நாடே அவன்கிட்ட இருக்கு, மலையத் தள்ள முடியாதா அவனால?" என்றார்.

வலது என்றால் கத்தி பிடிக்கிற கை, இடது என்றால் பால் வடியும் மங்கு பிடிக்கிற கை. ஒரு வாரத்தில் அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். வாய் ஜப்பானியம் பேச, கால் தானாகப் போகும். அதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். விறகு பொறுக்கப் போகிற பெண்கள், "அக்கா, அஞ்சாந் தெருவுல நல்ல சுள்ளி கெடக்கு" என்று பேசிக்கொள்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். தோட்டத்தில் பாதிப் பேர் கியோத்தோவில் குடியிருந்தார்கள். பெரியப்பா ஒரு படி மேலே போனார். "தம்பி, கொளவிக்கு என்னாடா சொல்லுவான்? குழிக்கு? காட்டுப் பன்னிக்கு?" என்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மாணவன் கூடுதலாகக் கேட்டால் எந்த வாத்தியாருக்குத்தான் சந்தேகம் வரும்?

தேர்வு நாளில் பெரட்டுக் களத்தில் மேசை போட்டு ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சென்செய். கியோத்தோவில் ரயிலை விட்டு இறங்கினால் பல்கலைக்கழகத்துக்கு எப்படிப் போவது என்று அதிகாரி கேட்டார். கங்காணி மகன் முதலில் போனான். நேராகப் போ, பாலம், அப்புறம் பல்கலைக்கழகம் என்று மென்று விழுங்கினான். சரி, தேறினான். பெரியப்பா வந்து குனிந்து வணங்கி நிமிர்ந்தார். தண்ணீர் ஓடுவதுபோல் ஆரம்பித்தார். நிலையத்தை விட்டு வெளியே வந்து நேராகப் போங்கள். ஏழாம் தெருவில் வலது ஓரமாகப் போகாதீர்கள், குளவிக்கூடு இருக்கிறது. ஐந்தாம் தெருவில் ஒரு குழி, புல் மூடியிருக்கும், பார்த்து வையுங்கள் காலை. நான்காம் தெருக் கோயிலில் செருப்பைக் கழற்றிவிடுங்கள், அந்தச் சாமி கோபக்காரர். பாலம் வழுக்கும். பாலத்துக்கு அப்பால் காட்டுப் பன்றி வரும், கையில் ஒரு தடி இருந்தால் நல்லது. பல்கலைக்கழகம் பூட்டிக் கிடக்கிறது, ஆனால் பின்பக்க ஜன்னல் வழியாக உள்ளே போகலாம்.

சென்செய் மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரியின் முகம் ஒன்றும் காட்டவில்லை. நீ கியோத்தோவுக்குப் போயிருக்கிறாயா என்று மெதுவாகக் கேட்டார். பெரியப்பா ஒரு நொடிகூடத் தயங்காமல், "தினமும்" என்றார். அதற்குப் பிறகு அதிகாரி சிரித்த சிரிப்பில் தொப்பி கீழே விழுந்தது. முதல் இடம் என்று சொல்லித் தன் கையாலேயே பட்டையைக் குத்திவிட்டார். அன்று மாலை லயத்தில் எல்லாரும் கூடி உட்கார்ந்து, பெரியப்பாவைத் திரும்பத் திரும்ப அதைச் சொல்லச் சொல்லிச் சிரித்தோம். பெரியம்மா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

நீ உன் பேராசிரியரிடம் சொன்னது இவ்வளவுதான். எல்லாரும் கேட்டது இவ்வளவுதான். உன் பெரியப்பா சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை என்பதும் உனக்குத் தெரியும். தோட்டத்துக் குடும்பம் எதைக் கேட்டாலும் அப்படி ஓர் ஆள் இருப்பார், அதில் புதுமை இல்லை. ஆனால் இந்த இரண்டையும் நான் வேறு வேறு அலமாரியில் வைத்திருந்தேன். பட்டை வாங்கியவர் எப்படிச் சயாமுக்குப் போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கதை சொல்லி முடியும்போது பெரியம்மா எப்போதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அவருக்கு அங்கே வேலை இருக்கிறது என்று நீங்கள் நினைத்தீர்கள்.

பட்டை குத்திய சில வாரங்களில் லாரிகள் வந்தன. பட்டை இல்லாதவர்களை ஏற்றினார்கள். பட்டை உள்ளவர்கள் ஒதுங்கி நின்றோம், கங்காணி மகனும் நின்றான். அதே அதிகாரி வந்து எங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பெரியப்பாவிடம் நின்றார். முகம் மலர்ந்தது. பழைய நண்பரைப் பார்த்ததுபோல் தோளைத் தட்டினார். இத்தனை பேர் போகிறார்கள், இவர்களிடம் பேச ஒரு வாய் வேண்டும், இவனைவிட நன்றாகப் பேசுகிறவன் இந்த வட்டாரத்தில் இல்லை என்றார். அவ்வளவுதான்.

சென்செய் அங்கேயே நின்றிருந்தார். நான் போய்க் கேட்டேன். தேறியவர்கள் இருக்கலாம் என்று சொன்னீர்களே என்றேன். என் ஜப்பானிய மொழி அன்று தடுமாறவில்லை. அவர் என்னிடம் பொறுமையாக, வகுப்பில் பாடம் சொல்கிற அதே குரலில் விளக்கினார்: "நான் சொன்னது தேறியவர்களைப் பற்றி. உன் அண்ணன் முதலிடம்."

இந்தப் பதிலை நான் இன்றுவரை எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டேன். இதில் ஓட்டை இல்லை. தேறாதவன் போவான், ஏனென்றால் அவன் பயன்படாதவன். தேறியவன் இருப்பான். நன்றாகத் தேறியவன் போவான், ஏனென்றால் அவன் பயன்படுகிறவன். மனிதர் பொய் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, அந்த நிமிடத்தில்தான் கண்டுபிடித்தாரா? எனக்குத் தெரியாது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் கிடைத்திருக்கும். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பெரியப்பா லாரியில் ஏறுவதற்கு முன் பெரியம்மாவிடம் வந்தார். ரெண்டே மாதம்தானாம், அரிசி உண்டாம், திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம் என்று பெரியம்மா அழுதுகொண்டே சொன்னார். மற்றவர்களுக்குக் கிராணி சொன்னது அது. பெரியப்பா தலையை ஆட்டினார். "ரெண்டு மாசம்னு அவனுங்க நம்மகிட்டதான் சொல்றானுங்க. அவனுங்களுக்குள்ள பேசிக்கிறது வேற. எனக்குத்தான் இப்ப பாஷ தெரியுமே லா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "வெறும் வழிதானடா கேட்டேன் உன்கிட்ட, ரொம்பவே சொல்லிக்குடுத்துட்ட" என்று சிரித்தார். கேலியாகத்தான் சொன்னார். என் மேல் அவருக்குக் கோபம் இல்லை. எனக்கும் என் மேல் கோபம் இல்லை. அதையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். சொல்லிக்கொடுக்காமல் இருந்திருந்தாலும் அவர் அதே லாரியில்தான் ஏறியிருப்பார். எப்படிப் பார்த்தாலும் லாரி ஒன்றுதான். எரிச்சல் அங்கேதான் இருக்கிறது.

போர் முடிந்து திரும்பி வந்த ஒருவர் எங்களைத் தேடி வந்தார். வேறு தோட்டத்துக்காரர், பெரியப்பாவின் முகாமில் இருந்தவர். பெரியம்மா அவருக்குக் காப்பித் தண்ணீர் கொடுத்தார், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அவர் சொன்னார்: "அண்ணனுக்கு எல்லாத்தையும் ரெண்டு தடவ பட வேண்டியதாப் போச்சு அக்கா. அவன் வையிறத எங்ககிட்ட சொல்லணும், நாங்க வையிறத அவன்கிட்ட சொல்லணும். மத்த முகாம்ல பேசுறவனுங்க கொஞ்சம் மாத்திச் சொல்லுவானுங்க. அண்ணன் மாத்த மாட்டாரு. அரிசியில புழு இருக்குன்னா, புழு இருக்குன்னே சொல்லுவாரு. அடி விழும். மறுநாளும் போயி அதையே சொல்லுவாரு." ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டார் என்றார். எந்த இடம் என்று கேட்டேன். அவருக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. காடு, ஆறு, தண்டவாளம் என்றார். காடும் ஆறும் தண்டவாளமும் அங்கே எத்தனையோ மைல்களுக்கு இருக்கின்றன.

நீ சின்ன வயதிலிருந்தே என் மேல் ஒரு குறை வைத்திருக்கிறாய். உன் அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாய், எனக்குத் தெரியும். வகுப்பில் முதலாவதாக வந்து மதிப்பெண் அட்டையை நீட்டுவாய். நான் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுப்பேன். பக்கத்து வீட்டுப் பையன் பதினோராவதாக வந்ததற்கு அவன் அப்பா சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். உனக்கு நான் ஒரு பேனாகூட வாங்கிக் கொடுக்கவில்லை. வாத்தியாராக இருந்துகொண்டு சொந்தப் பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லை என்று உன் அம்மா சண்டை போட்டாள். ஒருமுறை வாய் தவறி, "நடுவுல எங்கயாவது வரக்கூடாதாடா?" என்று உன்னைக் கேட்டும் விட்டேன். நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தகப்பன் என்றால் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். முதலாவதாக வராதே என்று ஒரு பிள்ளைக்கு எப்படிப் புத்தி சொல்வது? அது புத்தியே இல்லை. எனக்கே தெரியும். நன்றாகப் படித்தவன் நன்றாக இருப்பான் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் முப்பது வருஷம் வகுப்பில் நின்று சொன்னேன், அதுவும் பொய் இல்லை. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. நான் சொல்ல விரும்பியது ஒன்றுதான், அதைத் திருத்தமாகச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை: பரிசு கொடுக்கிறவன் உன்னை எதற்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நீயும் அவனைக் கொஞ்சம் பார். மாலையைப் போட்டுக்கொள். கழுத்தைக் கொடுத்துவிடாதே.

ஆனால் நீ கேட்கவா செய்தாய்? எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தாய். முதலாவதாக வந்த காரணத்தால் உனக்கு உதவித்தொகை கிடைத்தது. உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, எத்தனையோ பல்கலைக்கழகம் இருக்க, நீ போய்ச் சேர்ந்த இடம் கியோத்தோ. விமான நிலையத்தில் உனக்கு மாலை போட்டுவிட்டு நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேனே, பிரிவுத் துயரம் என்று உன் மாமா எல்லாரிடமும் சொன்னார். இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த ஊர் மேல் எனக்குப் பகை இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன், நீ தப்பாக நினைக்கக் கூடாது. நீ அனுப்பிய பாலத்துப் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்தேன். அது மூன்றாம் தெருப் பாலம். நீ பின்னால் எழுதியிருந்ததைப் படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அழகான ஊர்தான். அங்கே இருக்கிறவர்களும் என்னைப் போல் முழங்கால் வலியோடும், உன்னைப் போல் சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைகளோடும் இருப்பார்கள். உன் பேராசிரியரும் நல்லவர் என்றே நினைக்கிறேன். சிரிப்பு வருகிற கதைக்குத்தான் அவர் சிரித்தார். அதற்கு அவரைக் குறை சொன்னால் நான் என்ன மனிதன்? பாதியில் நிறுத்தினால் எந்தக் கதையும் வேடிக்கைக் கதைதான்.

உன் கடிதத்தைப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, சுங்கைப் பட்டாணியில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் பஸ் ஏறிப் போய்ப் படித்தேன். மண்டபம், மாணவர்கள், தேநீர் எல்லாவற்றையும் கேட்டார். நான் போவதில்லை என்று முடிவுசெய்துவிட்டேன் என்றேன். இந்தக் கதையின் பேச்சு வந்தும் அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது அதுவே முதல் தடவை.

"ஏன் போக மாட்டீங்க?" என்றார். "அவனுங்க கேக்குறாங்கல்ல. இத்தன வருஷத்துல அந்த ஊருக்காரன் ஒருத்தனாச்சும் வந்து கேட்டானா? இப்ப கேக்குறான். போயி சொல்லுங்க. ஆனா முழுசாச் சொல்லுங்க தம்பி. பாதியச் சொல்றதா இருந்தா இங்கயே இருங்க."

ஆகவே நீ இப்போது செய்ய வேண்டியது இது. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு உன் பேராசிரியரிடம் போ. முழுவதையும் அவருக்குப் படித்துச் சொல். எதையும் மாற்றிச் சொல்லாதே. அவருக்குச் சங்கடமாக இருக்கும், உனக்கும் இருக்கும், இருக்கட்டும். அவர் யோசிக்கட்டும், அவசரம் இல்லை. கதையின் இரண்டாவது பாதி முதல் பாதியைவிட நீளம் என்றும், அதில் சிரிக்கிற இடம் எதுவும் இல்லை என்றும் சொல். அதற்குப் பிறகும் மண்டபம் கொடுப்பதாக இருந்தால் நான் வருகிறேன். மொழிபெயர்க்க ஆள் ஏற்பாடு செய்ய வேண்டாம். எனக்குப் பாஷை தெரியும்.

டிக்கெட்டை அவர் பதிலுக்குப் பிறகு வாங்கு.

அப்பா